துறை சார்ந்த வேலை

"நடிகர்னு போடாதே ஜென்சி, சொல்லிட்டேன்—"

"போட்டாச்சு, இனி—"

"போட்டாச்சுன்னா அடி."

"அடிச்சா ஃபாரம் செல்லாது. அடித்தல் திருத்தல் கூடாதுன்னு மேலேயே அச்சடிச்சிருக்கான், கண்ணு தெரியலை?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உனக்குத்தான் உன் புருஷன் யாருன்னு தெரியலை. நான் மறைமலை நகர்ல ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். நட்டு கேட்டா நட்டு, வாஷர் கேட்டா வாஷர். அதைப் போடு."

"தினம் சாயங்காலம் ஏழரை மணிக்கு டிவியில வர்றியே, அது யாரு, உங்க சித்தப்பாவா?"

"நான் எங்கே வர்றேன்? போட்டோ வருது. மாலை போட்டு, பொட்டு வெச்சு, முன்னாடி ஊதுவத்தி புகையுது. அது நடிப்பா?"

"சிரிச்சுக்கிட்டு இருக்கே இல்ல?"

"போட்டோ எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னான், சிரிச்சேன். ஆதார் கார்டுக்கு முறைக்கச் சொன்னான், முறைச்சேன். அதையும் நடிப்புன்னு எழுதிக்கோ."

பக்கத்து அறையில் டெனிஸின் அம்மா ஜெபத்தைச் சற்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். சேலையூரில் அந்த மாடி வீட்டுக்கு அவர் வந்த நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. இவர்கள் குரல் ஏறினால் கர்த்தரின் பெயரும் ஏறும். ஜென்சி பேனாவை மூடினாள். சாப்பாட்டு மேசை முழுக்க ஃபாரங்கள், பறக்காமல் இருக்க ஊறுகாய் பாட்டிலும் உப்பு ஜாடியும் மேலே.

விஷயம் இதுதான். பதினோரு வருடம் முன்னால், தாம்பரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் பதிமூன்று பேர் நடிப்பில் முதுகலை முடித்தார்கள். டெனிஸுக்கு முதல் இடம், ஜென்சிக்கு நாலாவது. அவன் மேடையில் பெருமூச்சு விட்டால் கடைசி வரிசையில் விசிறி வீசிக்கொண்டிருந்தவர் கை நிற்கும். ஊரே அவனைச் சினிமாவுக்கு அனுப்பி வைத்துவிட்டது, சினிமாவைத் தவிர. மூன்று வருடம் முன்னால்தான் ஒரு சீரியலில் கதாநாயகியின் கணவன் வேடம் கிடைத்தது. பதினேழாவது எபிசோடில் லாரி வந்து மோதியது. அன்றிலிருந்து அவன் படம் அந்த வீட்டு ஹாலில் மாலையோடு தொங்குகிறது. கதாநாயகி புதுப் புடவை கட்டினாலும் அந்தப் படத்திடம் சொல்வாள், மாமியார் அறைந்தாலும் அந்தப் படத்திடம் வந்து அழுவாள். மாமனார் மாறிவிட்டார், கொழுந்தன் மாறிவிட்டான், கதாநாயகியே ஒருமுறை மாறிவிட்டாள். எழுநூறு எபிசோடாக மாறாமல் இருப்பவன் டெனிஸ் ஒருத்தன்தான். ஷூட்டிங்குக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கீரைக்காரம்மா அவனைப் பார்த்துக் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டாள். "இன்னா நைனா, நீ செத்துப் பூட்டேல்ல?" என்றாள். வீட்டில் சீரியல் பாட்டு ஆரம்பித்ததும் டெனிஸின் அம்மா பைபிளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தினம் மாலை போடுகிறார்களே என்று போதகரிடமே போய் முறையிட்டுவிட்டு வந்தார்.

ஜென்சி அதே கல்லூரியில் அதே துறையில் எட்டு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். பெயரில் கௌரவம் இருப்பதால் வேறெதிலும் வைக்கத் தேவையில்லை என்று நிர்வாகம் நினைத்துவிட்டது. ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இந்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கமிட்டி வருகிறது. ஏதாவது ஒரு பழைய செட்டை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் பாதிப் பேராவது துறை சார்ந்த வேலையில் இருந்தால் துறை நிலைக்கும், ஜென்சியின் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் ஜூனில் துறைக்குப் பூட்டு, அறை காமர்ஸ்காரர்களுக்கு. கமிட்டி எடுத்திருப்பது இவர்களுடைய பதிமூன்று பேர் செட்டை.

ஜென்சி ராத்திரியும் பகலும் போன் போட்டுத் தேடியதில் ஆறு பேர் தேறினார்கள். தன்னை முதலில் எழுதிக்கொண்டாள். சுஜி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா டிராமா சொல்லிக்கொடுக்கிறாள். ஜாய்சன் டப்பிங்கில் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிறான். சிவகுமார் கேளம்பாக்கம் தாண்டி ஒரு குழந்தைகள் பூங்காவில் கரடி. தீபலட்சுமி ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று சொல்கிற குரல். மெட்டில்டா நோயாளி. மருத்துவக் கல்லூரிப் பரீட்சைகளில் மாணவர்கள் சோதித்துப் பார்க்க ஒரு நோயாளி வேண்டுமே, அந்த வேடம் அவளுக்கு. மாசத்துக்கு இருபது வியாதி. மீதி ஏழு பேரில் ஒருத்தன் கனடாவில் லாரி ஓட்டுகிறான், ஒருத்தி கல்யாண மண்டபம் நடத்துகிறாள், நாலு பேர் மனை விற்கிறார்கள். ஏழாவது ஆள் எதிரே பனியனோடு உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ஆறு பத்தாது டெனிஸ். பதிமூணுல ஏழு வேணும்."

"கரடியே நடிகன்னா லாரிக்காரனையும் சேர்த்துக்கோ. கனடாவுல தமிழ் தெரியாத மாதிரி நடிக்கிறானாம்."

"விளையாடாதே. எட்டு வருஷம்டா. பியூனுக்குக் கூட பி.எஃப். பிடிக்கிறாங்க, எனக்கு இல்லை. கமிட்டி முன்னாடி அரை மணி நேரம், அரையே அரை மணி நேரம் நடிகனா இரு. எனக்காக."

"நடிகனா நடிக்கணும்."

"ஆமா."

"ஒத்திகை உண்டா, நேரா மேடையா?"

அப்படிக் கேட்டானென்றால் வருகிறான் என்று அர்த்தம். ஜென்சி மறுபடி பேனாவைத் திறந்தாள். அடுத்த கட்டத்தில் 'தற்போது வகிக்கும் பொறுப்பு' என்று இருந்தது. துறைத்தலைவர் ஏசுபாதம் சார் முதல் வகுப்பிலேயே சொன்னது அவள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது: நீ யாருன்னு எவன் கேட்டாலும் பேரைச் சொல்லாதே, பாத்திரத்தைச் சொல்லு, சுருக்கமாச் சொல்லு. அதன்படியே எல்லாருக்கும் எழுதியிருந்தாள். சிவகுமார்: கரடி. மெட்டில்டா: நோயாளி. டெனிஸுக்கு நேராக அழகான கையெழுத்தில் எழுதினாள்: மறைந்த கணவர்.

*

கமிட்டி வந்த காலையில் துறை வாசலில் பியூன் சவுரிமுத்து கோலமாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், கமிட்டி காமர்ஸ்ல டிபன் துன்னுகினு கீது. இங்க வர்றதுக்குள்ள இன்னா போடணும், சொல்லு. பூவா, ஸ்டாரா?"

"எது சீக்கிரம் முடியுமோ அதைப் போடுங்கண்ணா."

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் ஷ்யாம்சுந்தர், ரிட்டையரான பொருளாதாரப் பேராசிரியர். நடிப்புத் துறையை எடைபோட அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை போலும். கூட வந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதினார். இன்னொருவர் எதையும் எழுதவில்லை. காமர்ஸ் துறையின் பொங்கல் அவரை ஆட்கொண்டிருந்தது.

முதலில் மெட்டில்டாவை அழைத்தார்கள்.

"நோயாளின்னு போட்டிருக்கு?"

"ஆமா சார்."

"என்ன நோய்?"

"எது வேணும் சார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். மெட்டில்டா கைப்பையை நாற்காலியில் வைத்தாள். அடுத்த நொடி வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியாக மடங்கினாள். முகம் வெளுத்தது, மேலுதட்டில் நிஜமாகவே வேர்வை துளிர்த்தது. எழுதிக்கொண்டிருந்த அம்மாள் பேனாவைப் போட்டுவிட்டு, "அய்யய்யோ, யாராவது ஆட்டோவைக் கூப்பிடுங்க," என்று எழுந்தே விட்டார். சவுரிமுத்து தண்ணீர் கொண்டுவர ஓடினார். மெட்டில்டா நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பெண்டிக்ஸ் சார். பித்தப்பைன்னா கையை இன்னும் கொஞ்சம் மேலே வைக்கணும்."

"சரிம்மா, சரி, உட்காருங்க," என்றார் தலைவர். பயத்தில் அவளுக்கு டிக் போட்டார். கரடிக்கு டிக் விழுந்தது, லிஃப்டுக்கு டிக் விழுந்தது. ஏசுபாதம் சார் மேசைக்கடியில் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். ஆறு.

"அடுத்து டெனிஸ்."

டெனிஸ் உள்ளே வந்தான். ஜென்சி எடுத்துக்கொடுத்த நீலச்சட்டை; முடியைப் படிய வாரியிருந்தான். அந்த நடையே வேறு. நட்டு போல்ட்டு கொடுக்கிற நடை இல்லை. பதினோரு வருடம் முன்னால் ஜென்சி பார்த்த நடை.

ஷ்யாம்சுந்தர் அவனைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"நீங்க... நீங்க போயிட்டீங்களே!"

"ஆமா சார்," என்றான் டெனிஸ் பணிவாக.

"எங்க வீட்டுல உங்களைத் தெரியாத ஆள் கிடையாது. நீங்க போன அன்னைக்கு என் மிஸஸ் ராத்திரி சாப்பாடே சமைக்கலை. தெரியுமா உங்களுக்கு? இன்னைக்கும் உங்க படத்தைக் காட்டினா, 'பாரு, எவ்வளவு லட்சணமான பிள்ளை'ன்னு எனக்குத்தான் திட்டு. அந்தப் பொண்ணு எவ்வளவு கஷ்டப்படுது உங்களுக்கு அப்புறம்!"

"பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

அறையே சிரித்தது. பொங்கல்காரர் கூடக் கண் விழித்தார். ஏசுபாதம் சார் ஏழாவது விரலை மடக்கியே விட்டார். அம்மாள் மட்டும் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "சார், வருஷத்துக்கு எத்தனை ஷூட்டிங் நாள்னு ஒரு கட்டம் இருக்கு. நிரப்பலை," என்றார்.

"அட, அது கிடக்குதும்மா. எழுநூறு எபிசோடு! சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குச் சொல்லிடுங்க தம்பி. எத்தனை நாள்?"

நேற்று சாயங்காலம் மூன்று தடவை ஒத்திகை பார்த்த இடம் இது. நூற்றிருபது நாள் சார். அவ்வளவுதான் வசனம். ஜென்சி உதட்டை அசைக்காமல் மனசுக்குள் எடுத்துக்கொடுத்தாள்.

"மூணு நாள் சார்," என்றான் டெனிஸ்.

"மாசத்துக்கா?"

"மொத்தமே."

"இல்ல தம்பி, மொத்தம்னா—"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி மூணு நாள். அதுக்கப்புறம் போட்டோதான். அதுக்கு நான் போக வேண்டியதில்லை சார், ஆணி போதும்."

அம்மாள் எழுதினார். தலைவர் ரொம்ப வருத்தப்பட்டார். செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, எடுத்துக்கொண்டு, அந்த வருத்தத்தோடேயே டெனிஸுக்கு நேராக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

*

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோதுதான் ஜென்சி பின்னாலிருந்து வாயைத் திறந்தாள்.

"நூத்தியிருபது. ரெண்டே வார்த்தை கூட இல்லை, ஒரு வார்த்தை. அது வரலை உனக்கு."

"வாய் வரைக்கும் வந்துச்சு."

"வந்ததைத் துப்ப வேண்டியதுதானே? பொய் சொல்லக் கத்துக்கத்தானேடா ரெண்டு வருஷம் படிச்சோம்!"

"நீ அந்த கிளாஸ்ல எல்லாம் தூங்கிட்டே. பொய் சொல்லாம இருக்கத்தான் படிச்சோம். உள்ளே போகும்போது நடிகனாத்தான் போனேன் ஜென்சி, நல்லாவே இருந்துச்சு. அந்த ஆளு எழுந்து நின்னார் பாரு, அப்போ கூட நல்லா இருந்துச்சு. அப்புறம் எத்தனை நாள்னு கேட்டார். என்னை எவனுமே கேட்டதில்லை. அவ்வளவு அக்கறையாக் கேட்கிறவர்கிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

"என்கிட்ட அக்கறை வேணாமா?"

பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்து நேரமாகியிருந்தது.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் டெனிஸின் அம்மா மூலமாகவே பேசிக்கொண்டார்கள். "சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொல்றான்மா." "போட்டோவுக்கு எதுக்கு உப்புன்னு சொல்லுங்க அத்தே." ஏசுபாதம் சார் போன் பண்ணி, வேறெங்காவது கேட்டு வைக்கச் சொன்னார். காமர்ஸ்காரர்கள் ஒரு நாள் டேப்போடு வந்து அறையை அளந்துவிட்டுப் போனார்கள். ஜென்சி ஒரு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினாள். நாடகம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும் என்று பதில் வந்தது.

*

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜென்சி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். டெனிஸுக்கு வார விடுமுறை. எதிரே உட்கார்ந்து தன் பங்குக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மிக்ஸியில் சாய்த்து வைத்தாள்.

"ஜென்சி மேடமா? நான் யூனிவர்சிட்டி ஆபீஸ்ல இருந்து நாகலக்ஷ்மி பேசறேன். கமிட்டி ரிப்போர்ட்டு என் டேபிள்லதான் இருக்கு. மேடம், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எங்க யாருக்குமே தெரியாது மேடம். ரொம்ப சாரி."

"பரவாயில்லைங்க. எதிர்பார்த்ததுதான்."

"எவ்வளவு தைரியமா சொல்றீங்க! எனக்குப் படிச்சதுமே மனசு ஆறலை. சின்ன வயசு. அந்த மெட்டில்டா மேடத்துக்கு இப்ப தேவலையா?"

"மெட்டில்டாவா? அவளுக்கு என்ன?"

"நோயாளின்னு போட்டிருந்ததே. முடியாதவங்க, அவங்களே வேலைக்குப் போறாங்கன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். சரி, விஷயத்துக்கு வர்றேன். கமிட்டி உங்க துறைக்கு ஆறுன்னுதான் போட்டிருக்கு. பதிமூணுக்கு ஆறு பத்தாது. ஃபெயில்தான். ஆனா 'டெனிஸ், துறையில் இல்லை'ன்னு மொட்டையா எழுதியிருக்காங்க. ஏன் இல்லைன்னு பார்க்க உங்க ஃபாரத்தை எடுத்தேன். பார்த்தா, பொறுப்புன்னு இருக்கிற இடத்துல மறைந்த கணவர்னு நீங்க உங்க கையாலயே... உங்க சர்வீஸ் ஃபைல்லயும் கணவர் பேரு டெனிஸ்தான். எப்படி மேடம் அதை எழுதினீங்க?"

அவரைக்காய் ஜென்சியின் கையிலேயே நின்றது. துருவல் சத்தமும் நின்றது.

"மேடம், அந்தக் கமிட்டிக்காரங்களுக்குக் கொஞ்சமாவது இது வேணாமா? போனவரைப் போய் வேலையில இல்லைன்னு எழுதுவாங்களா? ரூல்ல தெளிவாவே இருக்கு. மறைந்தவங்களை மொத்தத்துல கழிச்சிடணும். கழிச்சா பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு ஆறு, சரியாப் பாதி! உங்க துறை பாஸ் மேடம். உங்க ஆர்டர் கூட என் டேபிள்லயேதான் டைப் ஆகணும்."

"நாகலக்ஷ்மி, ஒரு நிமிஷம்... அது வந்து, அது பாத்திரம்—"

"பாத்திரம் கழுவிட்டிருக்கீங்களா? முடிச்சிட்டு வாங்க, அவசரமில்லை, நான் லைன்ல இருக்கேன். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. மறைந்த தேதி. சர்டிபிகேட் எல்லாம் கேட்க மாட்டேன், உங்களை அலைய வெச்சா பாவம். நீங்க சொல்ற தேதியைப் போட்டு ஏசுபாதம் சார் கையெழுத்துக்கு அனுப்பிடறேன்."

ஜென்சி ஈரக்கையாலேயே போனைப் பொத்தினாள். டெனிஸ் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். சிரிக்கிறானோ என்று பார்த்தாள். சிரிப்புதான், ஆனால் முடிகிற இடம் சரியில்லை.

"சொல்லிடட்டுமா டெனிஸ்," என்றாள் மெதுவாக. "நீ உசுரோட இருக்கேன்னு."

"சொன்னா?"

"ஃபெயில்."

"சொல்லாட்டா?"

"அத்தைக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்டுருவாங்க."

"அம்மா மொட்டை மாடிக்கு இன்னொரு தடவை ஏறுவாங்க, அவ்வளவுதானே." டெனிஸ் துருவலைத் தட்டில் தட்டினான். "தேதி சொல்லு ஜென்சி. செப்டம்பர் ஒன்பது. மூணு வருஷம் முன்னாடி."

"அது என்ன தேதி?"

"பம்மல்ல மூணாவது நாள் ஷூட்டிங். மத்தியானம் மூணே கால் மணிக்கு டைரக்டர், 'தம்பி, உங்க வேலை முடிஞ்சுது, கிளம்பலாம்'னார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தேன். மழைத் தூறல். அதுக்கப்புறம் நான் நடிக்கலை." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நடிகன்னு எழுதினே பாரு, அதுதான் பொய். இதுல பொய் எதுவும் இல்லை. தாராளமாச் சொல்லு."

"டேய், அப்படியெல்லாம் பேசாதே—"

"நீதானே ஒரு வார்த்தை கேட்டே? அன்னைக்கு வரலை. இன்னைக்குத் தர்றேன், வாங்கிக்கோ."

பக்கத்து அறையில் ஜெபச் சத்தம் நின்று கட்டில் கிரீச்சிட்டது. அம்மா எழுந்து வருகிறார் போல. பொத்திய விரல்களுக்கு நடுவே போனிலிருந்து சத்தம் கசிந்தது. ஜென்சி கையை எடுத்தாள். எதிரே டெனிஸ் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அசையாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், இருக்கீங்களா? தேதியை மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் நான் எழுதிக்கிறேன்."